குடைச்சீலைக் கமரா

நான் முதன்முதலாக எடுத்த வீட்டுப் படத்தில் வீடு பின்பக்கமாக விழுந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டில் ஒரு பிழையும் இல்லை. உங்கள் அம்மப்பா, எனக்கு மாமா, உரும்பிராயில் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. படத்தில்தான் சுவர்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கின. முகடு பின்னால் சரிந்து, ஆளைக் கண்டு பயந்து ஒதுங்குவதுபோல நின்றது. மாமா படத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் தூக்குக்குண்டு போட்டுக் கட்டின சுவர் இது. நீர் என்னத்தைப் போட்டு எடுத்தனீர்?"

அப்போது உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் கலியாணமாகிச் சில மாதங்கள்தான். எண்பத்து நான்காம் ஆண்டோ ஐந்தோ இருக்கும். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சந்தியில் ஒரு சின்ன ஸ்ரூடியோவில் வேலை செய்தேன். அந்தக் காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் ஒருவரும் வீதியில் இறங்க முடியாது; அதனால் எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. எல்லாம் முகங்கள். காது இரண்டும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. ஸ்ரூடியோக்காரர் கொழும்புக்குப் போனபோது கடையை என்னிடம் விட்டார். மூலையில் கிடந்த பெரிய மரக் கமராவையும் ஒருவரும் வாங்காததால் எனக்கே தந்துவிட்டுப் போனார்.

நீங்கள் பார்க்கிற கமராவைப் போல அல்ல அது. முன்னால் ஒரு பலகை, அதில் வில்லை. பின்னால் ஒரு பலகை, அதில் தேய்த்த கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே ஆர்மோனியப் பெட்டியில் இருப்பதுபோல மடிப்பு மடிப்பான ஒரு தோல் துருத்தி. கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் எதிரே உள்ளது முழுவதும் அதில் தலைகீழாகத் தெரியும். எல்லாம் சரியென்று கண்ட பிறகு கண்ணாடி இருந்த இடத்தில் பிலிம் தகட்டைச் செருக வேண்டும். ஒரு தகட்டில் ஒரே ஒரு படம். பிழைத்தால் பிழைத்ததுதான்.

முகங்களை எடுத்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. வீடு, மடம், கோயில் என்று நிற்கிற பொருட்களை எடுக்க ஆசை வந்தது. அவற்றுக்குச் சிரிக்காதே என்று சொல்லத் தேவையில்லை. சந்தியில் வீடு கட்டுகிறவர்கள், கடை திறக்கிறவர்கள் எல்லாரும் பெரிய படம் கேட்பார்கள் என்றும் நினைத்தேன். மாமா அப்படி நினைக்கவில்லை. மருமகன் தோட்டத்துக்கு வந்து தன்னோடு வெங்காயம் நடுவான் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். விழுகிற வீட்டைப் பார்த்த பிறகு அதை வாய்விட்டே சொல்லத் தொடங்கினார்.

வீடு ஏன் விழுந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கமராவைச் சைக்கிள் கரியரில் கட்டி, முக்காலியைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, தெல்லிப்பழையில் இருந்த பழைய மிஷன் கல்லூரிக்குப் போவோம். கமரா கரியரில் இருந்ததால் உங்கள் அம்மா தன் லேடீஸ் சைக்கிளில் பின்னால் வருவார். அங்கே நல்ல உயரமான தூண்கள் வரிசையாக நின்றன. தூரத்தில் இராணுவ ஹெலிகொப்ரர் சத்தம் கேட்டால் உடனே முக்காலியை மடக்கிவிடுவோம். முக்காலியும் அதன்மேல் ஒரு குழாயும் மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு வேறு ஏதோ போலத் தெரியும். சத்தம் போனதும் மறுபடி விரிப்போம். இதைப் பெரிய வீரம் என்று எண்ணாதீர்கள். மழை வந்தால் நெல்லை அள்ளுவதுபோல அது அன்றைய பழக்கம்.

ஒருநாள் நான் துணிக்குள் தலையை விட்டபடி, "தூணின்ரை தலை வெட்டுப்படுது. முன்பக்கத்தைக் கொஞ்சம் அண்ணாத்திப் பிடியும்" என்றேன். முன்னே நின்ற அம்மா எந்தத் திருகாணி என்று தெரியாமல், துருப்பிடித்துக் கிடந்த ஒன்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகிவிட்டார். கமரா அண்ணாக்கவில்லை. வில்லை இருந்த பலகை மட்டும் நேர் மேலே ஏறியது. கண்ணாடியில் தூணின் தலை மெதுவாக உள்ளே வந்தது. தூண்கள் ஒன்றும் சரியவில்லை.

"இஞ்சேரும், என்ன செய்தனீர்?"

"நான் ஒண்டும் உடைக்கேல்லை. அதுவாய்த்தான் ஏறினது."

"உடைக்கேல்லை. இன்னொருக்கால் ஏத்தும்."

அன்றைக்கு நான் படித்தது இவ்வளவுதான். உயரமான ஒன்றைப் பார்க்க நாங்கள் தலையை அண்ணாத்துவதுபோல கமராவையும் அண்ணாத்தினால் கட்டிடம் பின்னால் விழும். கமரா நெற்றிக்கு நேரே பார்த்தபடி நிற்க வேண்டும். அதன் மூக்கை மட்டும் மேலே நகர்த்த வேண்டும். அந்தத் திருகாணி எத்தனையோ வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது. நான் அதைக் கமராவை மடக்கிப் பூட்டுகிற திருகாணி என்று நினைத்திருந்தேன்.

கல்லூரித் தூண்களின் படத்தைப் பெரிதாக்கி ஸ்ரூடியோவில் மாட்டினேன். அடையாள அட்டைப் படத்துக்கு வந்த ஒருவர் கண்ணாடியில் தலை சீவுவதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பக்கத்து ஊர் அம்மன் கோயிலின் மணியகாரர். கோயிலை நடத்துகிற பொறுப்பு அவருடையது. கோயிலுக்குப் புதுக் கோபுரம் கட்டிக் கும்பாபிஷேகம் முடிந்திருந்தது. அதன் பிறகு நாளாந்தம் நடக்கும் மண்டலாபிஷேகம் நிறைவாகிற அன்று மலர் ஒன்று வெளியிடப் போகிறார்கள். முதல் பக்கத்தில் கோபுரம் வர வேண்டும்.

"கோபுரத்துச் சாரம் இப்பதான் கழட்டினது. ரவுணிலை இருந்து ஒரு பெடியன் வந்து சின்னக் கமராவாலை எடுத்தவன். கோபுரம் மல்லாந்து கிடக்குது. கலசம் வானத்தைப் பாக்கிறதுக்குப் பதிலாய் மேற்கைப் பாக்குது. உம்மாலை ஏலுமே?"

ஏலும் என்றேன். அன்று மாலை அதை மாமாவிடம் அம்மா சொன்னார். மாமா வெற்றிலையை மென்று முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"நல்லது. கோயில் படம் சரிவந்து மலரிலை வந்தால் நான் இனி வாய் திறக்கமாட்டன். சரிவராட்டில் உந்தப் பெட்டியை ஆருக்கும் குடுத்துப்போட்டு இந்த நடுகைக்குத் தோட்டத்துக்கு வாரும். சம்மதமே?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். அப்படியே என் பிழைப்பு ஒரு கோபுரத்தின் கையில் போய்விட்டது.

கிழக்கு வாசல் கோபுரம். காலை வெயில்தான் அதற்கு முகம். விடிந்ததும் வேட்டியோடும் சால்வையோடும் போய், வீதியில் முக்காலியை விரித்துக் கமராவை ஏற்றினேன். மணியகாரர் ஆசையாய் வந்து கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்.

"தம்பி, கோபுரம் தலைகீழாய் நிக்குது."

"உதுக்குள்ளை அப்பிடித்தான் ஐயா தெரியும். படம் வரேக்கை நிமிர்ந்திடும்."

"நிமிராட்டில்?"

"நாங்கள் படத்தைத் திருப்பிப் பிடிக்கலாம் ஐயா."

அது அவருக்குச் சரியாகப் பட்டது. ஆனால் துணியைத் தூக்கியபோது துருத்தியைக் கண்டுவிட்டார். விரலால் தொடப்போய், தொடாமல் நிறுத்தினார்.

"உது தோல்தானே?"

"ஓம் ஐயா."

"ஆட்டுத்தோலோ, மாட்டுத்தோலோ?"

"தெரியாது ஐயா. இங்கிலாந்துத் தோல்."

"இங்கிலாந்தெண்டால் மாடுதான்."

"மேளமும் தோல்தானே ஐயா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மேளம் அம்மாளுக்கு வாசிக்கிறது. உம்மடை பெட்டி அம்மாளை முறைச்செல்லோ பாக்கிறது. மண்டலாபிஷேகம் நடக்கேக்கை இந்த வீதிக்கை உது வேண்டாம். தோலைக் கழட்டிப்போட்டுக் கொண்டாரும்."

துருத்தியைக் கழற்றினால் கமராவில் மிச்சம் இரண்டு பலகைதான். வீட்டுக்கு வந்து முற்றத்தில் கமராவை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து துருத்தியின் மடிப்புகளைத் தன் சாணால் அளந்தார்.

"இது பாவாடைக்குச் சுருக்கு வைக்கிறது மாதிரித்தானே. சீலையிலை தைச்சால் என்ன?"

"வெளிச்சம் ஒரு பொட்டும் போகாத சீலை வேணும்."

"மழையே போகாத சீலை இருக்கு" என்றார். போய் மாமாவின் பெரிய கறுப்புக் குடையை எடுத்து வந்தார். மாமா மறுநாள் குடையைத் தேடியபோது வீட்டில் கம்பிகள் மட்டும்தான் இருந்தன. "வீடு விழுந்தது. இப்ப குடையும் போச்சு. இனி என்னத்தை எடுக்கப் போறீர்?" என்று கேட்டார்.

புதுச் சேட்டு மடித்து வரும் பெட்டி மட்டைகளைக் கீலங்களாக வெட்டிக் கொடுத்தேன். அம்மா அவற்றை மடிப்புக்குள் வைத்துத் தையல் மெஷினில் தைத்தார். தோல் துருத்தியை விட வடிவாக இருந்தது. வீட்டுக்குள் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். கும்மிருட்டு. இரண்டு பேருக்கும் பெரிய சந்தோசம்.

மறுநாள் காலை மணியகாரர் துருத்தியைத் தடவிப் பார்த்து, "இது நல்லது, சுத்தம்" என்றார். கமராவை நேராக நிறுத்தி, மூக்கை உயர்த்திக் கலசங்களை உள்ளே கொண்டுவந்தேன். பிலிம் தகட்டைச் செருகினேன். வில்லையின் வாயைச் சின்னதாக்கினால்தான் கீழ்ப்படி முதல் கலசம் வரை கூர்மையாக வரும். ஆனால் அப்போது வெளிச்சத்தை நிறைய நேரம் விட வேண்டும். என் கைக்கடிகாரத்தில் விநாடி முள் ஓடாது. அதனால் எங்கள் கணக்குத் தேவாரம்தான். நான் வில்லையின் மூடியைக் கழற்ற, அம்மா ஒரு தேவாரத்தின் முதல் அடியை மெல்லப் பாடுவார். அடி முடிய மூடிவிடுவேன். இடையில் யாராவது கோபுரத்துக்கு முன்னால் நடந்து போனாலும் கவலை இல்லை. அவ்வளவு நேரத்துக்குள் நடந்து போகிறவர் படத்தில் விழமாட்டார்.

அன்று பின்னேரம் இருட்டறையில் கழுவி எடுத்தேன். கோபுரம் நேராக நின்றது. ஒரு நூல் சரிவில்லை. ஆனால் காகிதத்தில் போட்டபோது, இரண்டாம் தளத்திலிருந்து கலசம் வரை வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக வளைந்து ஏறின. ஒரு பூமாலையைக் கோபுரத்துக்குக் குறுக்கே போட்டதுபோல இருந்தது.

என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மெஷின் ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு துளை. வீட்டுக்குள் அது தெரியவில்லை. காலை வெயில் நேராக அடித்தபோது ஒவ்வொரு துளையாலும் வெளிச்சம் உள்ளே பாய்ந்திருக்கிறது.

இன்னும் கொஞ்ச நாள் தவணை கேட்கலாம் என்று படத்தைக் கொண்டு மணியகாரர் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்க முதல் அவர் மனைவி படத்தை வாங்கிவிட்டார்.

"இஞ்சை வந்து பாருங்கோ. அம்மாளுக்கு ஆரோ மாலை போட்டிருக்கு."

மணியகாரர் வந்தார். பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஐயா, அது மாலை இல்லை. அது தையல்" என்றேன்.

"என்ன தம்பி?"

"துருத்தியிலை ஊசி போன ஓட்டையள் ஐயா. வெளிச்சம் உள்ளட்டிட்டுது."

அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியே, பெடியன் எவ்வளவு அடக்கமாய்க் கதைக்குது."

நான் மூன்றாம் முறையும் சொன்னேன். ஒவ்வொரு முறை சொல்லவும் என் அடக்கம்தான் கூடிக்கொண்டு போனது. நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி உரும்பிராய்க்கு வந்துவிட்டது. மாமா வாசல் படலையடியில் நின்றார்.

"அம்மாளே உம்மடை படத்திலை வந்து நிண்டவவாம். மலரிலை போடப் போகினமாம். அப்ப நான் வாய் திறக்கேலாது."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்; பெட்டி எனக்கு மிஞ்சும். தொண்டைவரை வந்தது. அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா தன் தகப்பனுக்கு முன்னால் வந்துவிட்டார்.

"ஐயா, அது அம்மாள் இல்லை. நான் தைச்ச தையல். என்ரை தையலை ஊர் கும்பிட்டால் எனக்குப் பாவம் வரும்."

"அப்ப படம் பிழைச்சுப் போச்சு."

"பிழைச்சது சீலை. படம் இன்னும் முடியேல்லை."

மாமா வெற்றிலைத் தட்டைத் தேடிப் போனார்.

மறுநாள் அம்மா துருத்தியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, ரோச் லைற்றையும் எடுத்துக்கொண்டு கோயில் மடத்துக்கு என்னோடு வந்தார். படம் அங்கே கதிரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் நாலைந்து செவ்வரத்தம் பூக்கள். மணியகாரரும் மனைவியும், அச்சகத்துக்குப் படத்தைக் கொண்டுபோக வந்தவரும் இருந்தார்கள். அம்மா யன்னல்களைச் சாத்தச் சொன்னார். ரோச்சைத் துருத்திக்குள் வைத்து அழுத்தினார்.

வெள்ளைச் சுவரில் அதே பொட்டுகள், அதே வளைவில் வந்தன. அம்மா துருத்தியை அசைக்க அவையும் அசைந்தன.

அச்சகத்துக்கு எடுத்துப்போக வந்தவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. மணியகாரர் அவரைப் பார்த்த பார்வையில் அது நின்றுவிட்டது.

"அப்ப இது ஊசி ஓட்டைதான்" என்றார் மணியகாரர்.

"நேற்று அதைத்தான் ஐயா சொன்னனான்."

"நீர் சொன்ன விதத்துக்கு ஆர் நம்புவினம்? பிழையை ஒத்துக்கொள்ளுற படக்காரனை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

அவருடைய மனைவி மட்டும் பூவை எடுக்கவில்லை. "ஊசியோ என்னவோ. அந்த ஊசியை அந்த இடத்திலை குத்தவைச்சது ஆர்?" என்றார். படத்தைத் தன் சாமியறைக்கென்று எடுத்துக்கொண்டு போனார்.

அச்சகத்தில் புளொக், அதாவது படத்தின் அச்சுக்கட்டை, செய்ய வெள்ளிக்கிழமை படம் கொடுக்க வேண்டும். என்னிடம் மிச்சம் இருந்தது ஒரு தகட்டுப் பிலிம்தான். கொழும்பிலிருந்து அடுத்த பெட்டி எந்த ரயிலில் வரும் என்று அந்த நாளில் யாராலும் சொல்ல முடியாது. அம்மா மாமாவின் குடையில் மிஞ்சிய சீலையால் உள்ளே இன்னொரு மடிப்புத் தைத்தார். இம்முறை மெஷின் இல்லை, கை ஊசி. வெளித்தையல் வருகிற இடத்தில் உள்தையல் வராமல் தள்ளித் தள்ளித் தைத்தார். அரிசி அறைக் கதவைச் சாத்திவிட்டு ரோச்சை உள்ளே வைத்துப் பார்த்தோம். ஒரு பொட்டும் இல்லை. பிறகு வெளியே வெயிலில் வைத்து, நான் துணியை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தேன். அங்கும் இல்லை.

வியாழன் காலை மெல்லிய முகில். கோபுரத்தின் நிழல்கள் மிருதுவாக இருந்தன. நான் மூடியைக் கழற்றினேன். அம்மா பாடத் தொடங்கினார். பூசைக்கு வந்த ஒரு பெரியவர் எங்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறார், நாங்கள் காணவில்லை. தேவாரம் காதில் விழுந்ததும் அவரும் சேர்ந்துகொண்டார். நல்ல குரல். ஆனால் இழுத்துப் பாடுகிற குரல். அவர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போய், அங்கே நின்று, மெல்ல இறங்கினார். அம்மாவுக்கு அவரை விட்டு முன்னே ஓட மனம் வரவில்லை. என் கையில் மூடி. என் கண் அம்மாவின் வாயில். வழமையில் ஓரடி பாடும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு போய்விட்டது. முடிந்ததும் மூடியைச் சாத்தினேன். இவ்வளவு வெளிச்சம் உள்ளே போனால் படம் வெளிறிப் போகும்.

"நல்லாய்ப் பாடுறாய் பிள்ளை" என்றார் பெரியவர். "அவசரப்படாதை. அம்மாள் ஓடமாட்டா."

வீட்டுக்கு வரும் வழி முழுவதும் கொத்துகிற மண்வெட்டியும் வெங்காயப் பாத்தியும்தான் எனக்கு முன்னால் தெரிந்தன. இருட்டறையில் தட்டுக்குள் பிலிமை ஆட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கதவுக்கு வெளியே நின்றார்.

"எப்பிடி?"

"இன்னும் வரேல்லை."

"இப்ப?"

"கொஞ்சம் பொறுமன்."

அன்றைக்கு முகில் இருந்ததை நான் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தேன். அந்தப் பெரியவர் இழுத்த இழுவைதான் போதிய வெளிச்சத்தைக் கொடுத்தது. வழமைபோல ஓரடியில் மூடியிருந்தால் சிற்பங்களின் கண் மூக்கெல்லாம் இருட்டில் போயிருக்கும். கோபுரம் அடி முதல் நுனி வரை நேராக வந்தது. கலசத்தின் விளிம்பு வரை சிற்பங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம்போல இருந்தது. வெள்ளைப் பொட்டு ஒன்றுகூட இல்லை. நான் கதவைத் திறக்காமல், "வந்திட்டுது" என்று மட்டும் சொன்னேன். வெளியே அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது.

மண்டலாபிஷேகம் நிறைவான அன்று மடத்தில் மலரைக் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் கோபுரம். கீழே என் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். மாமாவும் வந்திருந்தார். சந்தனம் காயாத மார்போடு மடத்துச் சுவரோரமாக இருந்து மலரைத் திறந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். வாழ்த்துரைகளைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை போய், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். நான் தூணோடு நின்று அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் கோபுரத்தின் ஓரத்தால் மேலே ஏறிக் கலசத்தில் போய் நின்றது.

"நடுகைக்கு வேறை ஆள் பிடிச்சிட்டன்" என்றார், என்னைப் பார்க்காமல். "நீர் வந்து நிண்டாலும் வெங்காயக் கண்டை மிதிச்சுத்தான் போடுவீர்."

"ஓம் மாமா" என்றேன்.

எழும்பி வேட்டியை உதறினார். எங்களுக்கென்று மணியகாரர் அம்மாவின் கையில் கொடுத்திருந்த மலரையும் வாங்கித் தன் மலரோடு சேர்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெங்காயக்காரர்கள் கூடுகிற சந்தைப் பக்கம் சைக்கிளை மிதித்தார்.